மூலையில் கழன்று நின்ற பிளக்

பீடோங்,
24 ஜூன் 2024

பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி புவனேசனின் மகள் ஷாமளா எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை.

அப்பா இறந்து இன்றோடு இருபத்து நான்கு நாள். அவருடைய மடிக்கணினியை மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை. கூடத்து மேசையில் திறந்தபடியே கிடக்கிறது. சனிக்கிழமை பகலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அது மணியடித்தது. ஒரு முறையல்ல, விடாமல் பதினோரு முறை. போய்ப் பார்த்தால் உங்கள் பெயர், பதினோரு வரியில், ஒன்றின் கீழ் ஒன்றாக. மார்ச் 17, மார்ச் 24, மார்ச் 31 என்று மே 26 வரைக்கும், வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமைத் தேதிகள். எல்லாம் ஒரே நிமிடத்தில் வந்து விழுந்தவை.

நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவள். கணினியின் தேதியைப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு எழுதுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். செத்தவரோடு சமாதானம் பேசியதாக உங்களுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டிருக்கிறது. சொந்தக்காரர்களிடம் காட்டிக்கொள்ளலாம். நான் ஒன்றையும் திறக்கவில்லை. திறக்கப் போவதுமில்லை.

நடந்ததை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரலில் அப்பாவுக்குத் தொண்டையில் புற்று என்றார்கள். மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டார்கள். அதோடு குரல் போயிற்று. பிள்ளைகள் எழுதி அழிக்கிற பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். குரல் போனாலும் அவர் வாய் அடங்கவில்லை. கஞ்சி கொண்டுபோனால், "உப்பு இன்னிக்கு எம்சி லீவா?" என்று எழுதிக் காட்டுவார்.

"பெரியப்பாவுக்குச் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டேன். "நான்தானே வரக்கூடாதுன்னு சொன்னேன். நானே கூப்பிடுறேன்" என்று எழுதினார். ஐந்து வருடத்துக்கு முன்னால் பாட்டி உங்கள் வீட்டில் படுக்கையில் கிடந்தபோது, இன்னும் நாள் இருக்கிறது, வேலை நேரத்தில் அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டீர்கள். அப்பா வந்து சேர்ந்தபோது வாயில் பால் ஊற்றக்கூட நேரம் மிஞ்சவில்லை. "இனிமே நான் கூப்பிடாம என் வீட்டு வாசல்ல கால் வைக்காதீங்க" என்று அவர் கத்தியபோது நானும் அங்கே இருந்தேன்.

அதைத்தான் அவர் தாமாகவே திரும்ப எடுத்துக்கொண்டார். உங்களுக்குத் தொலைபேசியில் காது கேட்காது. அவருக்குக் குரல் இல்லை. எனவே மின்னஞ்சல். ஐந்து முறை எழுதினார். ஐந்து முறையும் பதில் வரவில்லை. நாளிதழில் மரண அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஜூன் முதல் தேதி வந்தீர்கள். எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் குடையோடு நின்றீர்கள். அப்பாவை ஏற்றிய வண்டி கிளம்பும்வரை சாலையைத் தாண்டவில்லை. நான் பார்த்தேன்.

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அப்பா அனுப்பிய ஐந்தும் உங்கள் கணினியில் இருக்கும். திறக்காமல் அழித்துவிடுங்கள். அவர் காத்திருந்தபோது படிக்காதவர் இப்போது படிக்க வேண்டாம்.

ஷாமளா


சுங்கைப் பட்டாணி,
29 ஜூன் 2024

அன்பு மகள் ஷாமளாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். கணினியைத் தொட இப்போது பயமாக இருக்கிறது. அதனால் கையால் எழுதுகிறேன்.

என் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொல்ல வரவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். முப்பத்து நான்கு வருடம் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். வரிசையாக எழுதுவதைத் தவிர எனக்கு வேறு திறமை இல்லை.

மார்ச் 14, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. அந்த மாதத்து இடி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். நானும் உன் அப்பாவும் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவர்கள். வானம் உறுமியவுடனே எங்கள் அம்மா ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கி, அதைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பார். "சுவிட்ச அடச்சா பத்தாதுடா, புடுங்கி வைங்க" என்பார். எழுபத்தெட்டு வயதிலும் இடி கேட்டால் என் கை பிளக்கைத் தேடிப் போகிறது.

அன்று கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிளக் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. குனிய முதுகு இடம் கொடுக்கவில்லை. அடுத்த இடி மிக அருகில் விழுந்தது. அப்போதுதான் அது கண்ணில் பட்டது. மின்னஞ்சல் திரையின் கீழ் மூலையில், எள்ளைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு படம். ஒரு பிளக், அது சொருகியிருக்கும் துளை. எத்தனையோ வருடமாக அங்கே இருந்திருக்க வேண்டும், நான் கவனித்ததில்லை. அதன்மேல் அம்புக்குறியை வைத்துச் சொடுக்கினேன். படத்தில் பிளக் கழன்று, சற்று விலகி நின்றது.

நான் நினைத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. என்னைப் போல் முதுகு வளையாதவர்களுக்காக, இடி நேரத்தில் திரையிலேயே பிளக்கைப் பிடுங்கிக்கொள்ள ஒரு வசதி செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிடுங்கிய பிறகும் கணினி ஓடியது. சரி, உள்ளே ஏதோ பாதுகாப்பான மின்சாரத்தில் ஓடுகிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். படித்தவனின் முட்டாள்தனம் இப்படித்தான் இருக்கும், தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும். மழைக்காலம் முடியும்வரை கழன்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு விளம்பர அஞ்சல்கள் வருவதும் நின்றது. அதையும் ஒரு நன்மையாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து, மார்ச் 17, எங்கள் அம்மாவின் திதி. அன்று தம்பிக்கு முதல் கடிதம் எழுதினேன். 'அனுப்பு' என்ற இடத்தில் அழுத்தினேன். கடிதம் திரையை விட்டு மறைந்தது. தபால் பெட்டியில் போட்டாலும் கடிதம் கண்ணுக்கு மறையத்தானே செய்யும்? போய்விட்டது என்று நம்பினேன். பதில் இல்லை. அவன் கோபம் நியாயமானது என்று, அடுத்த ஞாயிறு காலையில் பசியாறிவிட்டு மறுபடி எழுதினேன். அப்படியே பதினோரு வாரம்.

சென்ற சனிக்கிழமை அச்சு இயந்திரம் தாளைக் கடித்துக்கொண்டது. கணினிக்கடை சசிதரனை வரச் சொன்னேன். ஐம்பது வயதுக்காரர், எப்போதும் சிரிப்பு. உட்கார்ந்தவுடனே கேட்டார்:

"என்னா ஐயா இது, ஆஃப்லைன்ல போட்டு வச்சிருக்கீங்க?"

"அது இடிக்குத் தம்பி."

"எதுக்கு?"

"இடிக்கு. பிளக் கழட்டியிருக்கு பாருங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "ஐயோ ஐயா! இது கரண்டு பிளக் இல்ல லா. இன்டர்நெட்ட வெட்டி விட்டுட்டு உக்காந்திருக்கீங்க. மார்ச்லேருந்து உங்களுக்கும் ஊருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல!" அந்தப் படத்தைத் தட்டினார். பிளக் சேர்ந்துகொண்டது. "அனுப்பாத மெயில் பதினொண்ணு கெடக்கு. அனுப்பிடவா?"

வேண்டாம் என்ற சொல் என் வாயில் உருவாவதற்குள் அவர் அழுத்திவிட்டார். பிறகு உள்ளே வரத் தொடங்கின. நானூறுக்கு மேல் விளம்பரங்கள். அவற்றின் நடுவே ஐந்து இடத்தில் உன் அப்பாவின் பெயர்.

"புவனேசன் யாரு ஐயா? அஞ்சு வாட்டி போட்டிருக்காரு. பதில் போடணுமா?"

"என் தம்பி. போன மாசம் இறந்துட்டாரு."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு, அச்சு இயந்திரத்தைத் திறக்காமலே பையை எடுத்துக்கொண்டு, "அப்புறம் வரேன் ஐயா" என்று போய்விட்டார்.

ஐந்தையும் நான் திறக்கவில்லை அம்மா. திறக்காத கடிதத்துக்குப் பக்கத்தில் மூடிய உறையின் படம் ஒன்று இருக்கிறது, பெயரும் தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்த உறைகள் மூடியிருக்கும்வரை அவன் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று தோன்றுகிறது. நீ சொன்னபடி அழித்துவிடுகிறேன். கொஞ்ச நாள் மட்டும் அவகாசம் கொடு.

அன்று சாலையைத் தாண்டாமல் நின்றது உண்மைதான். அவன் கூப்பிடவில்லை என்று நினைத்திருந்தேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா பரஞ்சோதி


பீடோங்,
5 ஜூலை 2024

பெரியப்பாவுக்கு,

இடி இடித்தால் அப்பா எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியின் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிடுவார். மீனெல்லாம் நாறிப்போய் நானும் அவரும் சண்டை போட்டிருக்கிறோம். "மீன் போனா போவட்டும், நீ இருக்கணும்ல" என்பார். ஆகவே உங்கள் பிளக் கதை உண்மையாக இருக்கலாம். அல்லது எங்கள் குடும்பத்தை நன்றாகத் தெரிந்தவர் கட்டிய கதையாக இருக்கலாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் ஒரு கதை சொல்கிறேன். கூலிமில் எங்கள் தொழிற்சாலையில் சோதனை இயந்திரங்களுக்குத் திரை இருக்கிறது. மூலையில் ஒரு சின்ன வட்டம். முடிவுகள் பதிவாகும்போது பச்சை. பதிவாகாவிட்டால் சாம்பல் நிறம். திரையின் பின்னணியும் சாம்பல் நிறம்தான். சென்ற வருடம் உமாராணி என்கிற பெண் இரண்டு ஷிப்டு முழுக்கச் சோதனை செய்தாள். ஒன்றுமே பதிவாகவில்லை. விசாரணைக்கு என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்த வட்டத்தப் பாத்தேங்கா. பாக்காம இல்ல. அது என்னான்னு யாரும் சொல்லலியே? சாம்பல் மேல சாம்பல வச்சிட்டு, என் கண்ணு என்ன பூனக்கண்ணா?"

நான் அறிக்கையில் எழுதினேன்: 'எச்சரிக்கைக் குறி திரையில் இருந்தது, பணியாளர் கவனிக்கத் தவறினார்.' அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. கீழே என் கையெழுத்து. குறியை அங்கே அப்படி வைத்தவர்கள் யாரென்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவளுக்கு இல்லாத மன்னிப்பு உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? மூலையில் படம் இருந்தது. நீங்கள் கவனிக்கத் தவறினீர்கள். அவ்வளவுதான்.

அந்த ஐந்தையும் அழித்துவிட்டீர்களா இல்லையா? அழித்த தேதியைப் போட்டு எழுதுங்கள். முக்கியமாகக் கடைசிக் கடிதம். அது மருந்து மயக்கத்தில் எழுதியது. அதில் இருப்பது எதுவும் உண்மையில்லை.

ஷாமளா


சுங்கைப் பட்டாணி,
15 ஜூலை 2024

அன்பு ஷாமளாவுக்கு,

நீ எழுதியதில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். நான் கவனிக்கத் தவறவில்லை. உமாராணி சொன்னதுதான் சரி. பதினோரு ஞாயிறும் அந்தப் படத்தைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தை அருகே கொண்டுபோய், பிளக் கழன்றே இருக்கிறதா என்று பார்த்து நிம்மதியடைந்த பிறகுதான் எழுதவே தொடங்குவேன்.

அதைவிடப் பெரிய திருத்தம் ஒன்று இருக்கிறது. சென்ற கடிதத்தில் அதை நான் விட்டுவிட்டேன். தெரிந்தேதான் விட்டேன்.

மே 22, புதன்கிழமை. பசாரில் சுப்பிரமணியம் காய்கறிக்கடை வைத்திருக்கிறார். தோட்டத்தில் எங்களோடு வளர்ந்தவர். பையில் வெண்டைக்காய் போட்டுக்கொண்டே சொன்னார்: "கிராணி சார், தம்பிக்குத் தொண்டையில என்னமோ கட்டியாமே? பேச்சே இல்லேங்கிறாங்க?"

எனக்கு வலது காது போய்ப் பத்து வருடமாகிறது; இடது காதில் பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும். அவர் நின்றது என் இடது பக்கம். நன்றாகக் கேட்டது. நான், "ஆங்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல லா," என்றார். "இன்னும் கொஞ்சம் போடவா, போதுமா?"

"போதும்" என்றேன்.

அவர் இரண்டாவது முறை சொல்லியிருந்தால் நான் என்ன என்று கேட்க வேண்டியிருக்கும். கேட்டிருந்தால் போக வேண்டியிருக்கும். பீடோங்குக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம்? அன்றே புறப்பட்டிருக்க வேண்டும். புறப்படவில்லை. ஆகவே எல்லாப் பழியையும் அந்தச் சின்னப் படத்தின்மேல் போட எனக்கு உரிமையில்லை. நீ என்னை நம்பாதது சரிதான்.

இனி இரண்டாவது செய்தி. நேற்று ஞாயிறு, நீ சொன்னதைச் செய்ய உட்கார்ந்தேன். அழிப்பதற்கு முதலில் கடிதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே இருந்தது கடைசிக் கடிதம். அதன்மேல் ஒரு முறை சொடுக்கினேன். தேர்ந்தெடுக்க மட்டும்தான் அம்மா. ஆனால் திரையின் கீழ்ப்பாதியில் கடிதம் தானாக விரிந்துவிட்டது. மூடிய உறை திறந்த உறையாக மாறியது. தடித்த எழுத்து மெலிந்தது. கண்ணை மூடுவதற்குள் படித்துவிட்டேன். சின்னக் கடிதம். மே 27 தேதி. நான் ஒளித்ததாக இருக்கக் கூடாது என்பதால் அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

'அண்ணே, நேத்து காலையில ஷாமளா உங்க வீட்டுக்கு வந்தாளாம். நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஏதோ தட்டிக்கிட்டு இருந்தீங்களாம். வர்றேன்னு சொன்னீங்களாம். அது போதும் எனக்கு. அவசரப்படாம வாங்க. மழ வந்தா எங்கயாச்சும் ஒதுங்கி நின்னுட்டு வாங்க. இங்க ஷாமளா வைக்கிற கஞ்சியத் தவிர வேற ஆபத்து ஒண்ணுமில்ல.'

நீ வந்தாயா அம்மா?

எனக்கு நினைவில்லை. நேற்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். ஞாயிறு காலையில் நான் கணினி முன்னால் இருந்தது உண்மை. அதை நேரில் வந்து பார்க்காமல் யாரும் சொல்லியிருக்க முடியாது. அப்படியென்றால் நீ வந்திருக்கிறாய். நான் உன்னிடம் பேசியிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, அடியோடு மறந்து, வீட்டிலேயே இருந்திருக்கிறேன். என் வயதில் சிலருக்கு இப்படி நேர்வதைப் பார்த்திருக்கிறேன். சோதித்துப் பார்ப்பதற்காக, எங்கள் லயத்தில் குடியிருந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதினேன். இருபதில் ஒன்று வரவில்லை.

மருத்துவரைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். நான் வருகிறேன் என்றபோது எப்படிச் சொன்னேன்? உன்னை உள்ளே கூப்பிட்டேனா? தண்ணீராவது கொடுத்தேனா? உண்மையை எழுது. நான் வருத்தப்படமாட்டேன்.

மற்ற நான்கும் அப்படியே இருக்கின்றன. திறக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. கை வரவில்லை.

பெரியப்பா பரஞ்சோதி


பீடோங்,
20 ஜூலை 2024

அன்புள்ள பெரியப்பா,

மருத்துவரிடம் போக வேண்டாம். உங்கள் நினைவில் பிழை இல்லை. நீங்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் உங்களிடம் பேசவே இல்லை.

மே 25 அன்று அப்பா பலகையில், "நேர்ல போயி கூட்டிட்டு வாம்மா" என்று எழுதினார். மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் வந்தேன். உங்கள் கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன். சன்னல் திறந்திருந்தது. உங்கள் முதுகு தெரிந்தது. கணினி முன்னால் உட்கார்ந்து, இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். இவருக்குக் கணினி இருக்கிறது, தட்டவும் தெரிகிறது, என் அப்பாவுக்கு ஒரு வரி எழுதத்தான் வலிக்கிறது என்று நினைத்தேன். பெரியப்பா என்று கூப்பிட வாய் திறக்கவில்லை. மணியை அழுத்தவில்லை. கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தேன், 9.40. வண்டியைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா பலகையைத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாரு?"

"வரேன்னாருப்பா" என்றேன்.

"எப்போ?"

"சீக்கிரம் வரேன்னாரு. கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டிக்கிட்டிருந்தாரு."

அதை நம்ப வைக்கத்தான் கம்ப்யூட்டரையும் சேர்த்துச் சொன்னேன். மறுநாள் முதல் தினமும் காலையில் முகத்தைத் தடவிக் காட்டுவார், சவரம் செய்துவிடச் சொல்லி. "தாடியோட இருந்தா அண்ணன் ஏசுவாரு" என்று எழுதினார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நான்கு நாள் சவரம் செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விடிந்தபோது அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

ஜூன் 22 அன்று உங்கள் பதினோரு வரியும் வந்தபோது, நான் முதலில் பார்த்தது கடைசி வரியைத்தான். மே 26, காலை 9.42. தேதியைத் திருத்துகிறவர் நிமிடத்தை எப்படிச் சரியாக வைப்பார்? நீங்கள் தட்டிக்கொண்டிருந்தது என் அப்பாவுக்கு எழுதிய கடிதம். அதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் பொய்யர் என்று ஆகிவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் அப்படி எழுதினேன். அப்பாவின் கடைசிக் கடிதத்தில் என்ன இருக்கும் என்று ஊகித்திருந்தேன். அதனால்தான் அழிக்கச் சொன்னேன். இப்போது உங்களுக்கு மறதி நோய் என்று நீங்களே முடிவு கட்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

உமாராணியின் எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று நேற்று எழுதிக் கொடுத்தேன். அவளிடம் சொன்னேன். "வேற எடத்துல வேலைக்குச் சொல்லிட்டேங்கா. இனிமே எதுக்கு?" என்றாள்.

உங்கள் பதினோராவது கடிதத்தைத் திறக்க என்னால் முடியவில்லை. தினமும் அதன் பக்கத்தில் போய் நிற்கிறேன். அதில் என்ன எழுதினீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஷாமளா


சுங்கைப் பட்டாணி,
24 ஜூலை 2024

அன்பு ஷாமளா,

உன் கடிதம் வந்தது. சவரம் செய்துவிட்டதைப் பற்றி நீ எழுதியிருந்த வரிகளை ஒரு முறைதான் படித்தேன். இரண்டாம் முறை முடியவில்லை. சிறுவயதில் அவன் தலையை அழுத்தி வாரிவிட்டவன் நான். ஏசுவேன் என்று அவன் பயந்தது அந்தக் காலத்து அண்ணனை.

பதினோராவது கடிதம் சின்னதுதான். இதோ:

'தம்பி புவனேசனுக்கு, உனக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். நீ கூப்பிடவில்லை. இருந்தாலும் வரும் ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 2, காலை பத்து மணிக்கு வருகிறேன். வர வேண்டாம் என்றால் அதற்குள் ஒரு வரி எழுது. எழுதாவிட்டால் வருகிறேன். அண்ணன்.'

இவ்வளவு எழுத ஒன்பது மணியிலிருந்து 9.42 வரை ஆயிற்று. 'வருகிறேன்' என்று தட்டினேன். அழித்துவிட்டு 'வரலாமா' என்று போட்டேன். அது அவனைச் சங்கடப்படுத்தும் என்று மறுபடியும் 'வருகிறேன்' என்றே போட்டேன். நீ சன்னல் வழியாக என் முதுகைப் பார்த்தபோது என் விரல் அந்தச் சொல்லில்தான் இருந்திருக்க வேண்டும். நீ உன் அப்பாவிடம் சொன்னது பொய்யில்லை அம்மா. நீ காதால் கேட்காததைச் சொன்னாய், அவ்வளவுதான். நான் அப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதை உள்ளதைவிட நல்லதாக ஆக்கிவிடக் கூடாது. புதன்கிழமை கேட்ட செய்திக்கு ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுதினேன். அதற்கும் மேலே, வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு வாரம் கொடுத்தேன். அவனிடம் அந்த ஒரு வாரம் இல்லை. ஜூன் 2 என்று எழுதியவன் ஒரு நாள் முன்னதாகவே வந்தேன். எங்கே நின்றேன் என்று நீ பார்த்தாய். நீ மணியை அழுத்தியிருந்தால் அந்த நிமிடமே உன் வண்டியில் ஏறியிருப்பேன் என்று எழுத ஆசைப்படுகிறேன். இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன். எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லாததை உனக்கு எழுதக் கூடாது.

ஒன்று மட்டும் தெரிகிறது. நானே நேரில் அவன் முன்னால் நின்றிருந்தாலும், வருகிறேன் என்பதை நீ சொன்ன அளவுக்கு உறுதியாகச் சொல்லியிருக்கமாட்டேன். உனக்குச் சிரமமில்லையென்றால், நீ வேண்டாம் என்று நினைக்காவிட்டால் என்று ஏதாவது சேர்த்திருப்பேன். என் கடிதம் அவனிடம் போகவில்லை. போய்ச் சேர்ந்தது நீ சொன்ன ஒற்றைச் சொல்தான். அதில் தயக்கம் எதுவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு அவன் நான்கு நாள் என்னை எதிர்பார்த்திருக்கிறான்.

அது அவனிடமே இருக்கட்டும். அதற்காக நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே.

பெரியப்பா